பாப்பாவுக்கு அப்பா எழுதுறது

பாப்பா,

போன் பண்ணா மீட்டிங்ல இருக்கேன்ப்பான்னு வச்சிடுற, அதான் டைப் பண்ணி அனுப்புறேன். ட்ரெயின்ல போறப்ப படி. உடனே பதில் போடணும்னு இல்ல, ஆனா போடு.

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். போர் மோட்டார் மறுபடி போச்சு, மாத்தியாச்சு. அம்மா முட்டி அப்படியேதான் இருக்கு, தைலத்தத் தவிர வேற எதையும் தொட மாட்டேங்குறா. கீழ் வீட்டு விஷயம் உனக்குத் தெரிஞ்சதுதான், அது அதுபாட்டுக்கு ஓடுது. அத விடு.

உங்க ஆபீஸ் புது வெப்சைட் பாத்தேன், சித்தப்பா பையன் லிங்க் அனுப்பினான். நல்லா இருக்கு. மாப்பிள்ளை போட்டோ நல்லா வந்திருக்கு, கொஞ்சம் இளைச்ச மாதிரி தெரியுது, நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லு. சரிவுல இறங்குற மாதிரி ஒரு வீடு, முன்னாடி ரெண்டு மரம் சாஞ்சு நிக்குதே, அந்தப் படம் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். அந்த மரத்த நான் எங்கயோ பாத்திருக்கேன். உன் எட்டாங்கிளாஸ் நோட்டெல்லாம் பச்சை டிரங்க் பெட்டியிலதான் இருக்கு, கரையான் வராம அம்மா பாச்சா உருண்டை போட்டு வச்சிருக்கா. சரி.

நான் எழுத வந்தது வேற. போன வருஷம் வந்தப்ப கான்பரா கூட்டிட்டுப் போனியே, எயின்ஸ்லி மலை மேல நிக்க வச்சு அங்கிருந்து நேர்கோட்டுல பார்லிமென்ட் வரைக்கும் காட்டுனியே, அப்ப இருந்து அந்த ஊருக்கு ப்ளான் போட்ட ஆர்க்கிடெக்ட் வால்டர் பர்லி கிரிஃபின் பத்தியே படிச்சிட்டு இருக்கேன். நீ காலேஜ்லயே படிச்சிருப்ப, ஆனா ஒரு பி.டபிள்யூ.டி.காரன் கண்ணுக்கு அது வேற மாதிரி தெரியுது.

1876ல சிகாகோ பக்கத்துல மேவுட்ல பொறந்தவரு. இல்லினாய் யுனிவர்சிட்டில 1899ல முடிச்சிட்டு, கொஞ்ச நாள் கழிச்சு அந்தப் பெரிய ஆர்க்கிடெக்ட் ஃப்ராங்க் லாய்ட் ரைட்கிட்ட ஓக் பார்க்ல சேந்தாரு, 1906 வரைக்கும் அங்க. ரைட் ஜப்பான் போறதுக்கு இவர்கிட்டயே கடன் வாங்கிட்டு, திருப்பிக் குடுக்குறப்ப பணத்துக்குப் பதிலா ஜப்பான் படங்களா குடுத்திருக்காரு. பெரிய ஆளுங்க கணக்கு எல்லா ஊர்லயும் ஒண்ணுதான் போல.

ஆனா அந்த ஆபீஸ்ல இவருக்கு முன்னாடியே, 1895ல இருந்தே, ஒரு பொண்ணு உக்காந்து வரைஞ்சிட்டு இருந்தாங்க. மேரியன் மஹோனி. 1894ல எம்.ஐ.டி.ல ஆர்க்கிடெக்சர் முடிச்சவங்க, அங்க அந்தப் படிப்பு முடிச்ச ரெண்டாவது பொண்ணு. 1898ல இல்லினாய்ல லைசென்ஸும் வாங்கிட்டாங்க. நம்ம ஊர்ல அப்போ பொம்பளப் பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புறதே பெரிய விஷயம், இவங்க லைசென்ஸ் வச்சிருக்காங்க! 1910ல பெர்லின்ல ரைட்டோட வேலைகளப் பெரிய ஆல்பமா போட்டாங்களே, அதுல பாதிக்குப் பக்கம் படங்க இந்தம்மா கைன்னு இப்ப ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. எப்படிக் கண்டுபிடிக்கிறாங்கன்னா மரத்தையும் செடியையும் வச்சுத்தான். கட்டடத்தச் சுத்தி இல கொடி படர்றத வேற யாரும் அப்படி வரையல. சில படத்துல செடிக்குள்ள தன் பேரோட எழுத்தக் கோத்து ஒளிச்சு வச்சிருக்காங்க. ஆல்பம் வந்தது ரைட் பேர்ல.

செடிக்குள்ள ஒளிச்சு வைக்கிறதெல்லாம் எதுக்குப் பாப்பா? ஓரத்துல பளிச்சுனு எழுத வேண்டியதுதான? நான் சர்வீஸ்ல சேந்த புதுசுல எங்க ஓவர்சியர் சொல்லிக் குடுத்த முதல் பாடமே எம் புக்தான், அதான் வேலைய அளந்து எழுதுற மெஷர்மென்ட் புக். அளந்தவன் கையெழுத்தும் தேதியும் எம் புக்ல இல்லேன்னா அந்த வேலை நடக்கவே இல்லேன்னு அர்த்தம், பாலமே கண்ணு முன்னாடி நின்னாலும் சரி. நீ எது வரைஞ்சாலும் தேதி போட்டு பேர் எழுது. சும்மா சொல்றேன்.

1909ல ரைட் குடும்பத்த விட்டுட்டு ஒரு கிளையன்டோட மனைவியோட ஐரோப்பா போயிட்டாரு (அந்தக் கதை நமக்கு வேண்டாம்). ஆபீஸ் பொறுப்ப வான் ஹோல்ஸ்ட்னு ஒருத்தர் எடுத்தாரு, டிசைன் பூரா பாத்தது மேரியன். டெக்கேட்டர் ஊர்ல சில வீடுங்க வந்தப்ப தோட்ட வேலைக்கு வால்டரக் கூப்பிட்டதே அவங்கதான். 1911 ஜூன்ல கல்யாணம். அவருக்கு 34, அந்தம்மாவுக்கு 40. இத அம்மாகிட்ட படிச்சுக் காட்டுனேன், உன் அத்தை வீட்டு விஷயத்துல என்னா பேச்சு பேசுனீங்கன்னு என்னயே பாத்தா. நான் பேப்பர மடிச்சிட்டேன்.

அதே வருஷம்தான் ஆஸ்திரேலியா தலைநகரத்துக்குப் போட்டி அறிவிச்சாங்க. மொத்தம் 137 பேர் ப்ளான் அனுப்பியிருக்காங்க. இவங்க ரெண்டு பேரும் அந்த நாட்டுல காலே வச்சதில்ல, மேடு பள்ளம் காட்டுற காண்டூர் மேப்பையும் அரசாங்கம் குடுத்த தகவல் புத்தகத்தையும் வச்சு சிகாகோவுல உக்காந்தே பண்ணது. வால்டர் ஆரம்பிக்காம இழுத்துட்டே இருந்திருக்காரு, அந்தம்மா சத்தம் போட்டுத்தான் ஆரம்பிக்க வச்சிருக்காங்க. துணியில பெருசு பெருசா, தங்க நிறமும் பழுப்புமா வரைஞ்ச படங்க. அதுல ஒண்ணு எயின்ஸ்லி மலை மேல இருந்து பாத்தா நகரம் எப்படித் தெரியும்னு. நீ எங்கள நிக்க வச்ச அதே இடம், அவங்க பாக்காமயே வரைஞ்சது. 1912 மே மாசம் முதல் பரிசு, 1,750 பவுண்ட். பேப்பர்ல எல்லாம் வால்டர் பேரு.

அப்புறம்தான் எங்க டிபார்ட்மென்ட் ஆளுங்க வர்றாங்க! முதல் பரிசு குடுத்துட்டு, ப்ளான் செலவு ஜாஸ்தி, நாங்களே ஒண்ணு பண்றோம்னு அதிகாரிங்க போர்டு ஒண்ணு உக்காந்து, வந்த ப்ளான்கள்ல சிலதுல இருந்து கொஞ்சம் கொஞ்சம் பிச்சுப் போட்டு ஒரு கூட்டு பண்ணாங்க. நான் அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன், அவங்க என்ன நினைச்சிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். வெளியில இருந்து வந்தவன் போட்ட கோட்டுக்கு லெவல் எடுக்குறது நாம, திட்டு வாங்குறது நாம. அதுலயும் ஒரு நியாயம் இருக்கு. ஆனா ஃபைலக் குடுக்காம இழுக்குறது வேற, 1917ல அரசாங்கம் வச்ச விசாரணை, ராயல் கமிஷனே அதிகாரிங்க அவருக்கு வேண்டிய தகவலக் குடுக்காம தடுத்தாங்கன்னு எழுதிடுச்சு. ஆட்சி மாறி 1913ல அவரக் கூப்பிட்டாங்க, தலைநகர வேலைக்கு டைரக்டர் ஆக்குனாங்க, 1920 கடைசில ஒரு கமிட்டியில சும்மா மெம்பரா இருந்துக்கோன்னாங்க, முடியாதுன்னு வந்துட்டாரு. அவரு நினைச்ச ஏரியில தண்ணி நின்னது 1964ல.

அதுக்கு நடுவுல உங்க மெல்போர்ன்ல நியூமன் காலேஜ், அப்புறம் 1924ல கேபிடல் தியேட்டர். அந்த சீலிங் பாத்துட்டு எனக்குக் கழுத்து வலி வந்துச்சே ஞாபகம் இருக்கா, படிகம் படிகமா பிளாஸ்டர், உள்ளுக்குள்ள கலர் பல்பு மாறிட்டே இருக்கும். அதுல மேரியனுக்குப் பெரிய பங்குன்னு சொல்றாங்க. போர்டுல அவங்க பேர் இல்ல. சிட்னியில காசில்கிராக்னு 1921ல இருந்து ஒரு ஏரியாவே போட்டாங்க, மரத்த வெட்டாம, பாறைய உடைக்காம, ரோடே நிலத்தோட வளைவுல போற மாதிரி, கல் வீடு, தட்டைக் கூரை. நல்ல எண்ணம், விக்கல. 1930கள்ல பொருளாதாரம் படுத்தப்ப குப்பை எரிக்கிற கட்டடமெல்லாம் வரைஞ்சு குடுத்துப் பொழச்சாங்க. சிட்னி வில்லபியில இன்னும் ஒண்ணு நிக்குது, குப்பைக்கு அவ்வளவு அழகு எதுக்குன்னு தோணும், ஆனா எனக்குப் பிடிச்சது அதுதான்.

1935ல லக்னோ யுனிவர்சிட்டி லைப்ரரிக்கு டிசைன் பண்ண வால்டர் இந்தியா வந்தாரு. அந்த லைப்ரரி அவரு வரைஞ்ச மாதிரி கட்டவே இல்ல, ஆனா பயனியர் பத்திரிகை ஆபீஸு, பெரிய கண்காட்சிக்கு வேண்டியதுன்னு வேலை குமிஞ்சிடுச்சு. அந்தம்மா அதுவரைக்கும் சிட்னியில ஆபீஸையும் காசில்கிராக்கையும் பாத்துக்கிட்டு, 1936ல இங்க வந்து கூட உக்காந்து வரைஞ்சாங்க, அறுவத்தஞ்சு வயசுல லக்னோ வெயில்ல. 1937 பிப்ரவரி 11, பித்தப்பை ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சாம் நாள் வால்டர் போயிட்டாரு. அறுவது வயசுதான். லக்னோவுலயே அடக்கம் பண்ணாங்க. 1988 வரைக்கும் அந்தக் குழிக்குப் பேர்க்கல்லு கூடக் கிடையாது.

மாப்பிள்ளைக்கு வயித்துவலின்னு போன தடவ சொன்னியே, டாக்டரப் பாத்தாச்சா?

வால்டர் கெட்ட மனுஷன்னு நான் சொல்ல வரல. எங்கயும் அப்படி இல்ல. அந்தம்மா மேல ரொம்பப் பிரியம், ரெண்டு பேரும் சேந்தேதான் எல்லாம். மறைச்சாருன்னும் சொல்ல முடியாது. அவங்களேதான் எல்லாம் வால்டர் மூளைன்னு சொல்லிட்டுத் திரிஞ்சிருக்காங்க, எழுதியும் வச்சிருக்காங்க, அவரு போனப்புறம் சிகாகோவுக்குத் திரும்பி ஆயிரம் பக்கத்துக்கு மேல. அதப் புத்தகமா போட அப்ப ஆள் கிடைக்கல. 1961ல, தொண்ணூறு வயசுல செத்துப் போனாங்க. ஏரிக்கு அவரு பேரு 1960கள்லயே வந்துடுச்சு, எயின்ஸ்லி மலையில நாம நின்ன இடத்துக்கு இவங்க பேரு வச்சது 2013ல. யாரும் யாரையும் ஏமாத்தல, அப்படியே நடந்திருக்கு. எனக்கு அதுதான் ராத்திரியில தூக்கம் வராம பண்ணுது, திட்டக்கூட ஒரு ஆள் இல்ல.

நான் மாப்பிள்ளையக் குறை சொல்லல, தங்கமான பையன், நாங்க இருந்த ஒரு மாசமும் எனக்குக் காபி போட்டுக் குடுத்தவரு. உங்க ஆபீஸ் விஷயத்துல நான் தலையிடவும் மாட்டேன். சின்னவன் பொறந்தப்ப நீ கொஞ்ச நாள் வீட்டுல இருந்த, அப்ப ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்பீங்க, அது உங்களுக்குள்ள. மேலத்தெரு பெரியம்மா கதை உனக்கே தெரியும், கடை யார் உழைப்புல நின்னுச்சு, பத்திரத்துல யார் பேர் இருந்துச்சுன்னு, நான் மறுபடி சொல்லணுமா. உனக்கு காலேஜ்ல அந்த மெடல் குடுத்தப்ப நான் கைதட்டல, போட்டோ எடுக்குறேன்னு ரெண்டு கையிலயும் கேமராவப் புடிச்சிட்டு நின்னேன், இப்ப வர்றவங்க எல்லார்கிட்டயும் அந்தப் போட்டோவத்தான் காட்டுறேன். என் பொண்ணு ஆர்க்கிடெக்ட், மெல்போர்ன்லன்னு சொன்னா எந்த ஆபீஸ், நெட்ல இருக்கான்னு கேக்குறாங்க. லிங்க் காட்டலாம்னுதான் எடுத்தேன். அப்புறம் காட்டல, நெட் ஸ்லோன்னு சொல்லிட்டேன்.

வரைஞ்சா தேதி போடு, பேர் எழுது. அவ்வளவுதான்.

இன்னொண்ணு, அத்தை பொண்ணு கல்யாணம் தை மாசம் முடிவாயிடுச்சு, நீ வர முடியாதுன்னு தெரியும், அத்தைகிட்ட நான் பேசிக்கிறேன். ஆனா பத்திரிகையில நம்ம குடும்பத்துப் பேரெல்லாம் போடுறாங்க, வெள்ளிக்கிழமை பிரஸ்ஸுக்குப் போகுது. மாப்பிள்ளை பேருக்குப் பின்னாடி என்ன படிப்புன்னு குடுத்தாச்சு. உனக்கு பி.ஆர்க். மட்டும் போடச் சொல்லவா, அந்த எம்.ஆர்க்கும் சேத்தா? ஆஸ்திரேலியாவுல ரெஜிஸ்டர் பண்ணியே, அதுக்கு ஏதும் எழுத்து இருக்கா? இருந்தா அதையும் அனுப்பு, இடம் பத்தலேன்னா என் பேர ஒரு வரி கீழ தள்ளிக்கச் சொல்றேன்.

அப்பா