மானியா அக்பரி நடிகை மட்டுமல்லர்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரானியத் திரைப்படங்கள் குறித்துத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் தொடரை ஆர்வத்துடன் படித்து வருகிறேன். தணிக்கையின் நெருக்கடிக்குள்ளும் அந்நாட்டுக் கலைஞர்கள் எவ்வாறு படம் எடுக்கிறார்கள் என்பதைக் கட்டுரையாளர் நன்றாகவே விளக்கி வருகிறார். ஆனால் சென்ற வாரக் கட்டுரையில் மானியா அக்பரிக்கு அவர் ஒதுக்கியது ஒரே ஒரு வரிதான்: ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமியின் 'பத்து' படத்தில் கார் ஓட்டும் பெண்ணாக நடித்தவர் என்பது. அந்த வரியில் தகவல் பிழை ஏதும் இல்லை. ஆயினும், ஓவியராகத் தொடங்கி, நடிகையாக அறியப்பட்டு, பிறகு தம் பெயரிலேயே பல படங்களை இயக்கிய ஒருவரை அவ்வளவோடு நிறுத்திவிட்டது எனக்கு நியாயமாகப் படவில்லை.

1974இல் தெஹ்ரானில் பிறந்த அக்பரி, 1991 முதலே ஓவியக் கண்காட்சிகளில் பங்கேற்று வந்தவர். 'பத்து' திரைக்கு வந்ததோ 2002இல். காரின் முன்பகுதியில் பொருத்தப்பட்ட இரண்டு சிறிய டிஜிட்டல் கேமராக்களைக் கொண்டு, பத்து உரையாடல்களாகவே முழுப் படமும் எடுக்கப்பட்டது. தொடக்கக் காட்சியில், விவாகரத்துப் பெற்ற தாயுடன் ஒரு சிறுவன் சண்டையிடுகிறான். தாயாக அக்பரியும் மகனாக அவருடைய சொந்தப் பிள்ளையும் நடித்த அந்தக் காட்சியில், 15 நிமிடங்களுக்கும் மேலாகக் கேமரா சிறுவனைவிட்டு அகல்வதில்லை; தாயின் குரல் மட்டுமே நமக்குக் கேட்கிறது. விவாகரத்துக் கிடைப்பதற்காகக் கணவர் போதைக்கு அடிமையானவர் என்று நீதிமன்றத்தில் பொய் சொல்ல வேண்டியதாயிற்று என்று அந்தக் குரல் சீறும்போது, முகத்தைப் பார்க்காமலேயே அந்தப் பெண்ணை நாம் முழுமையாக அறிந்துவிடுகிறோம். பயிற்சி பெற்ற நடிகை எவருக்கும் எளிதில் கைவராத காரியம் அது.

1979 புரட்சிக்குப் பிந்தைய விதிகளின்படி, வீட்டுக்குள் தனியாக இருக்கும் காட்சியில்கூட ஈரானியத் திரையில் பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும். அது பார்ப்பவர்களுக்குச் செயற்கையாகத் தெரியும். கார் என்பதோ நான்கு சுவர் இல்லாத தனியறை. அங்கே முக்காடு அணிவது இயல்பு, மனம்விட்டுப் பேசுவதும் இயல்பு. படத்தின் பிற்பகுதியில், காதலனால் கைவிடப்பட்ட பெண் ஒருத்தி முக்காட்டை விலக்கி மழித்த தலையைக் காட்டும் காட்சியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் படம் உருவான விதம் குறித்தும் அதன் காட்சிகள் யாருக்கு உரியவை என்பது குறித்தும் அக்பரி பின்னாளில் வெளிப்படையாகவே கேள்வி எழுப்பினார். கியரோஸ்தமி 2016இல் மறைந்துவிட்டார். அதில் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் அந்தப் படத்தைக் குறித்து எழுதுகிறவர்கள் அப்படியொரு கேள்வி இருப்பதையேனும் அறிந்திருக்க வேண்டும்.

'பத்து' வெளிவந்து இரண்டே ஆண்டுகளில், 2004இல், அக்பரி இயக்கி நடித்த 'இருபது விரல்கள்' வெனிஸ் திரைப்பட விழாவில் டிஜிட்டல் திரைப்படங்களுக்கான பரிசைப் பெற்றது. ஓர் ஆணும் பெண்ணும் கார், ரயில், படகு என வெவ்வேறு ஊர்திகளில் பயணம் செய்தபடி திருமணம், சந்தேகம், குழந்தைப்பேறு ஆகியவற்றைப் பற்றி வாதிடும் ஏழு காட்சிகள்தாம் முழுப் படமும். இதைக் கியரோஸ்தமியின் பாணி என்று சொல்லி எளிதாகக் கடந்துவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு வந்த படங்களைப் பார்த்தபோதுதான் என் எண்ணம் மாறியது.

இதற்கிடையில் அவருக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, அறுவைச் சிகிச்சையும் நடந்தது. 2007இல் வந்த 'பத்தும் நான்கும்' அந்த நோயையே பொருளாகக் கொண்டது. ஐந்தாண்டுகளுக்கு முன் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஊரைச் சுற்றிய அதே பெண், இப்போது உடல் தளர்ந்து, மற்றவர்கள் ஓட்டும் வண்டியில் அமர்ந்திருக்கிறார். அனுதாபத்தை அவர் எங்கும் கோரவில்லை. தம் உடலை ஓர் உருவப்படத்துக்கு அமர்ந்த மாதிரியைப் போல, விலகி நின்று பார்க்கிறார். 2011இல் எடுத்த 'ஒன்று, இரண்டு, ஒன்று' படத்தில், முகம் சிதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் கதையை நீண்ட அண்மைக் காட்சிகளிலேயே சொல்லும்போதும் இதே பார்வைதான். தூரிகை பிடித்த கை அவருடையது என்பதை நினைவில் கொண்டால், முகத்தின் மீதும் தோலின் மீதும் கேமரா ஏன் இவ்வளவு நேரம் தங்குகிறது என்பது விளங்கும். கட்டுரையாளர் 'ஓவியர்' என்ற சொல்லை விட்டுவிட்டதே எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய குறையாகத் தோன்றுகிறது.

தெஹ்ரானில் அவர் தொடங்கிய அடுத்த படம் அங்கே முடியவில்லை. திரைக்கலைஞர்கள் கைதாகிக்கொண்டிருந்த காலம் அது. நாட்டைவிட்டு லண்டனுக்குச் சென்ற அவர், எடுத்தவரையிலான காட்சிகளைக் கொண்டே அதை 'தெஹ்ரானிலிருந்து லண்டனுக்கு' என்ற பெயரில் 2012இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அவருடைய படங்களைத் தொகுத்துத் திரையிட்டது. திரைப்பட இயக்குநர் மார்க் கசின்ஸுடன் கடிதப் பரிமாற்ற வடிவில் ஒரு படம், சிற்பி டக்ளஸ் வைட்டுடன் இணைந்து 2019இல் 'என் தந்தைக்கு ஒரு நிலவு' என்று அவருடைய பணி அங்கே தொடர்ந்தது. இரண்டாவது படத்தில் அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய உடலும் கருவுற்ற உடலும் அருகருகே வருகின்றன. 2022இல் புரட்சிக்கு முந்தைய ஈரானியப் படங்களின் துண்டுக் காட்சிகளைத் தொகுத்து, பெண்ணுடலை அந்தத் திரை எவ்வாறு பயன்படுத்தியது என்று ஆராய்ந்தார். முக்காடு கட்டாயமாக இருந்த திரையை மட்டுமல்லாமல், அதற்கு முன்பு பெண்ணை ஆடவைத்து வேடிக்கை பார்த்த திரையையும் அவர் கேள்விக்கு உள்ளாக்குகிறார் என்பதால், அவரை ஏதேனும் ஓர் அரசியல் அணியில் சேர்த்துவிடுவது எளிதன்று.

தங்கள் தொடரில் ஈரானிய இயக்குநர்களுக்கென்று தனிக் கட்டுரை ஒன்று வரவிருப்பதாக அறிவிப்பில் கண்டேன். அக்பரியின் பெயரை நடிகையர் வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அந்தக் கட்டுரையிலும் அவருக்கு இடம் தருமாறும், அவர் ஓவியர் என்பதை மறவாமல் குறிப்பிடுமாறும் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்