துணி துவைக்க வெந்நீர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரன்ட் பில் எகிறினால் முதலில் ஏசியைத்தான் திட்டுகிறோம். முன்பக்கக் கதவு வைத்த வாஷிங் மெஷினில் குமிழை ‘காட்டன்’ பக்கம் திருப்பினால், பல மாடல்களில் தண்ணீர் தானாகவே 40 அல்லது 60 டிகிரிக்குச் சூடாகும் என்பது பலர் கண்ணில் படுவதே இல்லை. டிரம்முக்கு அடியில் இருக்கும் ஹீட்டர் சுமார் 2,000 வாட். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்றவே அரை யூனிட் போய்விடும். துணியைப் புரட்டித் துவைத்துப் பிழிய மோட்டாருக்கு அதில் பாதிகூட ஆகாது. சித்திரை, வைகாசி மதியத்தில் சென்னையில் குழாயைத் திறந்தால், மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கையைச் சுடுகிறது. அதைக் காசு கொடுத்து மேலும் காய்ச்சுவானேன்? வெப்பநிலை பட்டனை அமுக்கி ‘கோல்ட்’ (குளிர்நீர்) என்று வைத்தால் போதும். நோயாளியின் படுக்கை விரிப்பு, குழந்தையின் நாப்கின் துணிக்கு மட்டும் 60 இருக்கட்டும்.

மேல்மூடி மெஷின், செமி ஆட்டோமேட்டிக் இரண்டிலும் பெரும்பாலும் ஹீட்டர் கிடையாது. அங்கே செலவு தண்ணீரில்தான். லாரித் தண்ணீர் வாங்கும் அடுக்ககங்களுக்கு இது நன்றாகவே தெரியும். செமியில் துவைத்த துணியை நேராக அலசாமல், ஒரு நிமிடம் ஸ்பின்னரில் போட்டுச் சோப்புத் தண்ணீரைப் பிழிந்துவிட்டு அலசுங்கள். மூன்று அலசல் ஒன்றிரண்டாகக் குறையும்.

போர் தண்ணீரில் நுரை வரவில்லையே என்று பொடியைக் கொட்டுவது இன்னொரு தவறு. நுரைக்கும் அழுக்குப் போவதற்கும் சம்பந்தம் குறைவு. முன்கதவு மெஷினில் மேல்மூடிக்கான பொடியைப் போட்டாலோ, நுரை மிஞ்சி, மெஷினே கூடுதலாக அலசத் தொடங்கும். ஹீட்டரில் உப்புப் படியாமலிருக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை காலி டிரம்மில் 100 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) போட்டு 60 டிகிரியில் ஓட்டலாம். அதோடு பிளீச்சிங் திரவம் எதையும் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். இரும்புச் சத்துள்ள போர் தண்ணீரில் பிளீச் போட்டால் வெள்ளைச் சட்டை பழுப்பேறும் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில்தான் டிரையர் ஆசை வரும். நிமிடத்துக்கு 1,000 சுற்று வேகத்தில் பிழிந்த பிறகும் 5 கிலோ பருத்தித் துணியில் ஏறக்குறைய 3 லிட்டர் ஈரம் தங்கும். ஹீட்டர் வைத்த சாதாரண டிரையரில் அதை ஆவியாக்க 2 யூனிட்டுக்குக் குறையாது. ஒரு ஜன்னலைத் திறந்துவைத்து, கொடியில் விரல் இடைவெளி விட்டுத் துணியைப் போட்டு, குறைந்த மின்சாரத்தில் ஓடும் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறியை இரவு 8 மணி நேரம் ஓடவிட்டாலும் கால் யூனிட்தான்.

புது மெஷின் மாட்ட வருகிறவர்கள் குழாயை இணைத்து, ஒரு சுற்று ஓட்டிக் காட்டிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். வெப்பநிலை பட்டன் எது என்பதையும் அப்போதே காட்டிவிட்டுப் போக நிறுவனங்கள் சொல்ல வேண்டும். பேனலில் அதைத் தமிழில் அச்சிட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வாசகர், வேளச்சேரி, சென்னை