'உப்பு தேவையான அளவு' என்றால் எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இதழின் சமையல் பக்கத்தை வெட்டி ஒட்டி வைக்கிற வீடு எங்களுடையது. கறித்தூள் இரண்டு மேசைக்கரண்டி, தேங்காய்ப்பால் ஒரு கப் என்று எல்லாவற்றுக்கும் அளவு தருகிறீர்கள். உப்புக்கு மட்டும் 'தேவையான அளவு'. அந்த இடத்தில் ஓர் எண்ணைப் போடும்படி கேட்கவே இதை எழுதுகிறேன்.

அம்மாவுக்கு நான்கு வருடமாகப் பிறசர். குளிசை ஒருநாளும் தவறவில்லை. ஆனாலும் கிளினிக் கொப்பியில் மாதாமாதம் 160, 165 என்றே எழுதப்பட்டு வந்தது. உப்பைக் குறைத்துத்தான் சமைக்கிறோம் என்று நம்பியிருந்தோம். சரி, பார்த்துவிடுவோம் என்று ஒரு கிலோ உப்புப் பைக்கற்றை உடைத்த அன்றே அதன்மேல் பேனையால் திகதி எழுதினேன். நான்கு பேர் வீட்டில் 27 நாளில் முடிந்துவிட்டது. மீன் கழுவப் போனதைக் கழித்தாலும் ஆளுக்கு நாளொன்றுக்கு எட்டுக் கிராமாவது வரும். உலக சுகாதார நிறுவனம் சொல்வதோ 5 கிராமுக்குக் கீழே. தட்டையாக ஒரு தேக்கரண்டிகூட இல்லை.

கடைப் பாண், மிக்சர், கருவாடு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. கடையில் வாங்கும் மோர்மிளகாயும் இல்லை. மத்தியானச் சோற்றுக்கு இரண்டு பொரித்து வைத்துக்கொள்ளும் அம்மா, குழம்பில் உப்புக் குறைந்ததும் நான்கு கேட்கத் தொடங்கியிருந்தார். பொரிக்க முதல் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். தோல் முழுக்க வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

உப்பிலுள்ள சோடியம் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைக்கிறது. குழாய்களுக்குள் இரத்தத்தின் அளவு கூடுகிறது, அழுத்தமும் ஏறுகிறது. மிஞ்சிய சோடியத்தை வெளியேற்ற வேண்டிய சிறுநீரகம் வயது போகப் போகத் தளர்வதால், முதியவர்களை இது கூடுதலாகத் தாக்கும். குளிசை இறக்க இறக்க, நாங்களே சோற்றுக் கோப்பையில் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

இந்துப்புக்கு மாறச் சொல்பவர்கள் உண்டு. அதிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைட்டுத்தான். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது.

இப்போது கரண்டியால் அளந்தே போடுகிறோம். முதல் இரண்டு கிழமை அப்பா முகம் சுளித்தார். அப்புறம் தேசிக்காய்ப்புளியும் மிளகும் கொஞ்சம் கூட விட, நாக்குப் பழகிவிட்டது. போன மாதம் அம்மாவின் கொப்பியில் 142. குளிசையை நிறுத்தவில்லை.

ஆகவே அடுத்த ஞாயிறு நான்கு பேருக்கான கறி வந்தால், உப்பு அரைத் தேக்கரண்டி என்று எழுதிவிடுங்கள். கருவாட்டுக் குழம்பென்றால் 'உப்புச் சேர்க்க வேண்டாம்' என்று அதே வரியில் போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
கொக்குவில்.