படம் எடுக்காமலே 'காலம் கடந்துவிட்டது' என்று எழுதலாமா? மாவட்ட மருத்துவ நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நலப்பணிகள் இணை இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். என் அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தபோது நடந்தவை குறித்து நான் கொடுத்த மனுவுக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'நோயாளி உரிய காலம் கடந்து அழைத்துவரப்பட்டதால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி செலுத்த இயலவில்லை, மனு முடித்துவைக்கப்படுகிறது.' நல்லது. ஆனால் ஊசி ஏன் போடவில்லை என்று நான் கேட்கவே இல்லையே ஐயா. மூளைக்குப் போகும் ரத்தக்குழாயைப் படம் எடுத்து ஏன் பார்க்கவில்லை என்றுதான் கேட்டிருந்தேன். அதற்கு ஒரு வரி பதிலும் இல்லை. அதனால் நாலு பேர் படிக்கும்படி மறுபடியும் கேட்கிறேன்.

இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர், விடிகாலை ஐந்து மணிக்கு எழும்போது வலது கை, கால் இரண்டும் விழுந்திருந்தன. வாய் திறந்தால் பேச்சு வரவில்லை. 108 வண்டி சீக்கிரமே வந்தது. ஆறு மணிக்குள் தலைமை மருத்துவமனையில் இருந்தோம். தூக்கத்தில் வந்த பக்கவாதம் என்றால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்துதான் கணக்கு. அந்தக் கணக்கில் ஊசிக்கான நாலரை மணி நேரம் தாண்டிவிட்டது. இதில் எனக்கு வழக்கில்லை.

சாதாரண சி.டி. உடனே எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்றார்கள். அப்புறம்தான் எங்கள் காத்திருப்பு ஆரம்பித்தது. அதே எந்திரத்தில், அதே மேசையில், கை நரம்பில் மருந்துச் சாயம் ஏற்றி இன்னும் சில நிமிடம் படம் எடுத்திருந்தால், எந்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று தெரிந்திருக்கும். இந்தப் படத்துக்குத்தான் ஆஞ்சியோகிராம் என்று பெயர். அடைத்தது பெரிய குழாய் என்றால், ஊசிக்கான நேரம் தாண்டிய பிறகும் சிலருக்கு ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கட்டியை வெளியே எடுக்கலாம். பணியில் இருந்த இளம் மருத்துவருக்கும் அது தெரியும். அவர்தான் எங்களிடம் சொன்னார். ஆனால் சாயம் ஏற்ற, சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவு வேண்டுமாம். ஆய்வகம் எட்டு மணிக்குத்தான் திறக்குமாம். அண்ணனை மேசையிலிருந்து இறக்கி, ஸ்ட்ரெச்சரோடு நடைபாதையில் விட்டார்கள். அண்ணி அவர் வலது கையை எடுத்து எடுத்து வயிற்றின் மேல் வைக்க, அது திரும்பத் திரும்ப நழுவிக் கீழே தொங்கியது. அவர் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாங்கள் பேசுவது புரிந்தது. பதில்தான் சொல்ல முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் சி.டி. எந்திரம் ஆளில்லாமல் சும்மா கிடந்தது. எட்டுக்கு ஆய்வகம் திறந்து, ரத்தம் எடுத்து, முடிவு வந்து சேர்ந்தபோது ஊழியர்களின் வேலைமுறை மாறிவிட்டது. வந்த பெரிய மருத்துவர் கோப்பைப் பார்த்துவிட்டு, 'டைம் தாண்டிடுச்சு, இனி எடுத்துப் பிரயோஜனமில்லை' என்றார். படம் எடுக்காமலே சொன்னார்.

சிறுநீரக நோய் இருந்த வரலாறு இல்லாதவருக்கு, பெரிய குழாய் அடைப்பு என்று சந்தேகம் வந்தால், கிரியாட்டினின் முடிவுக்குக் காத்திராமல் ஆஞ்சியோகிராம் எடுப்பது நியாயமே என்று அமெரிக்க இதயச் சங்கமும் பக்கவாதச் சங்கமும் சேர்ந்து 2018-லேயே வழிகாட்டுதல் தந்துவிட்டன. என் அண்ணனுக்குச் சிறுநீரகத்தில் எந்தக் கோளாறும் இருந்ததில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

'டைம் தாண்டிடுச்சு' என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அடைப்பு வந்ததும் மூளை ஒரே சீராகச் செத்துவிடுவதில்லை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நடுப்பகுதி முதலில் போய்விடுகிறது. சுற்றியிருக்கும் பகுதி பக்கக் குழாய்களின் தயவில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கிறது. சிலருக்கு இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். சிலருக்குப் பதினைந்து மணி நேரம் கழித்தும் காப்பாற்ற இடம் இருக்கும். யாருக்கு எப்படி என்பதைக் கடிகாரம் சொல்லாது, படம்தான் சொல்லும். நேரம் கடந்து வந்தவர்களுக்குக் கட்டியை எடுத்தால் பலன் உண்டா என்று பார்த்த டான் (DAWN) ஆய்வின் முடிவு 2018 ஜனவரியில் அச்சில் வந்தது. 6 முதல் 24 மணி நேரம் ஆனவர்களில், படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்த 206 பேர் அதில் இருந்தார்கள். கட்டியைக் குழாய்வழி எடுத்தவர்களில் 49 சதவீதம் பேர் 90 நாளில் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொண்டார்கள்; எடுக்காதவர்களில் 13 சதவீதம்தான். அந்த 206 பேரில் பாதிக்கு மேல், அண்ணனைப் போலவே தூங்கி எழும்போது பாதிப்போடு எழுந்தவர்கள். அந்தக் கணக்குப்படி அன்று இரவு பத்து மணிவரை அவருக்கு வாய்ப்பு இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். படம் எடுத்திருந்தால் அவர் எழுந்து நடந்திருப்பார் என்று நான் சொல்லவில்லை. இருந்ததா இல்லையா என்று யாரும் பார்க்கவில்லை என்கிறேன்.

மூளையின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம் போகிறது என்று கணக்கிட்டுக் காட்டும் விலை உயர்ந்த பர்ஃப்யூஷன் மென்பொருள் நம்மிடம் இல்லை என்று சொல்வீர்கள். சரி, வேண்டாம். நெதர்லாந்தில் நடந்து 2023-இல் வெளியான எம்.ஆர். கிளீன் லேட் ஆய்வில், சாயம் ஏற்றிய சாதாரண ஆஞ்சியோகிராமில் பக்கக் குழாய்கள் தெரிகின்றனவா என்று பார்த்துத்தான் ஆட்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்குத் தேவையான எந்திரம் உங்களிடம் இருக்கிறது. அது திறக்கப்பட்ட நாளில் ரிப்பன், குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாம் இருந்தன. விடிகாலையில் சாயம் ஏற்றலாம் என்ற ஒரு உத்தரவுதான் இல்லை. உலகப் பக்கவாத நாளான அக்டோபர் 29 வந்தால் நர்சிங் மாணவிகளை வெயிலில் நிறுத்தி, 'ஒவ்வொரு நொடியும் முக்கியம்' என்று பதாகை பிடிக்கச் சொல்கிறீர்கள். அடுத்த ஆண்டு அதன் கீழே 'ஆய்வக நேரத்துக்குள் வரவும்' என்றும் சேர்த்துவிடுங்கள், மக்களுக்கு வசதியாக இருக்கும்.

மன்னிக்கவும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

பக்கவாதம் என்று வருகிறவருக்கு முதல் சி.டி. எடுக்கும்போதே, மேசையிலிருந்து இறக்காமல் ஆஞ்சியோகிராமும் எடுக்க வேண்டும் என்று தயவுசெய்து எழுத்தில் உத்தரவிடுங்கள். இரவும் விடிகாலையும் இதில் சேர வேண்டும். சிறுநீரக நோய் உண்டா என்று வீட்டாரிடம் கேட்டுவிட்டு, இல்லையென்றால் ரத்த முடிவுக்காக நிறுத்த வேண்டாம். சாயமும் அதை ஏற்றத் தெரிந்த ஆளும் எந்நேரமும் இருக்கட்டும். எடுத்த படத்தை மருத்துவக் கல்லூரியில் பணியில் இருக்கும் நரம்பியல் மருத்துவருக்கு அனுப்பி, பெரிய குழாய் அடைத்திருந்தால் அதே 108 வண்டியில் ஏற்றிவிடுங்கள். மாரடைப்புக்கு ஈ.சி.ஜி.யைக் கைபேசியில் அனுப்பிப் பார்க்கிற ஊர்தான் இது. முடியாத காரியம் இல்லை.

இன்னொன்று. 'காலம் கடந்து வந்தார்' என்று ஒரு நோயாளியின் கோப்பில் எழுதும்போது, ஆஞ்சியோகிராம் எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்பதையும் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால் அதையும், யார் சொல்லி எடுக்கவில்லை என்பதையும்.

இப்படிக்கு,
மனு முடித்துவைக்கப்பட்ட நோயாளியின் தம்பி