பூட்டிக் கிடக்கும் புயல் காப்பகத்தை எங்கள் பிள்ளைகளின் மாலை வகுப்புக்குத் திறந்துவிடக் கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மாலைநேரப் படிப்பு மைய அறக்கட்டளை,
மண்டபம் ஊராட்சி ஒன்றியம்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
இராமநாதபுரம்.

பொருள்: மீனவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்காக நடக்கும் மாலைநேரப் படிப்பு மையம் – இடம் இல்லாமல் தவிப்பது – எங்கள் ஊர்ப் புயல் காப்பகக் கட்டடத்தைச் சாதாரண நாட்களில் பயன்படுத்த அனுமதி வேண்டுவது தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்த எங்கள் முந்தைய மனுக்கள், கிராமசபைத் தீர்மானம்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வேதாளைக்கும் புதுமடத்துக்கும் நடுவில், பெரிய ரோட்டை விட்டு இறங்கி உடைமரக் காட்டைத் தாண்டினால் வரும் எங்கள் ஊர் தங்களுக்குத் தெரியாத ஊர் அல்ல. போன முறை புயல் எச்சரிக்கை விட்டபோது தாங்களே நேரில் வந்து, காப்பகத்து வாசலில் நின்று எங்கள் பெண்களிடம் பேசிவிட்டுப் போனீர்கள். அந்தக் காப்பகத்தைப் பற்றித்தான் இந்த மனு. முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் கிடைக்காததால் திரும்பவும் தங்களிடமே வருகிறோம். தயவுசெய்து முழுவதையும் படிக்க வேண்டுகிறோம்.

1. கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்த காலத்தில் எங்கள் பையன்கள் நண்டு வலைக்கும் கரைவலைக்கும் போய்ப் பழகிவிட்டார்கள். கையில் காசு பார்த்தவர்களில் பலர், பள்ளி திறந்த பிறகும் திரும்பவில்லை. அப்போதுதான் ஊரில் படித்த நாலைந்து பேர் சேர்ந்து, வலை பழுதுபார்க்கும் கடற்கரை வலைக்கூடத்தில் சாயங்காலம் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்ல ஆரம்பித்தோம். பணி ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் யாரும் கூப்பிடாமலே வந்து சேர்ந்தார். 2021 அக்டோபரில் அரசு ‘இல்லம் தேடிக் கல்வி’ என்ற மாலைநேரக் கற்றல் திட்டத்தைத் தொடங்கியபோது எங்களில் சிலர் அதில் தன்னார்வலர்களாகவும் வேலை பார்த்தோம். பிறகு அறக்கட்டளையாக முறைப்படி பதிவு செய்தோம்.

2. இன்று நூறு பிள்ளைகளுக்கு மேல் வருகிறார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மட்டுமல்ல. கரிமூட்டம் போடுகிற வீட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள், பனையேறுகிறவர்கள் வீட்டிலிருந்து வருகிறார்கள், மண்டபம் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து சைக்கிளில் வருகிறார்கள். தகப்பன் இலங்கைச் சிறையில் இருக்க, தாயும் தம்பியும் தன் பொறுப்பு என்று படகேறக் கிளம்பிய பையனை இழுத்து உட்காரவைத்திருக்கிறோம். பள்ளியை விட்டு நின்றவர்கள் தனித்தேர்வர்களாக எழுதுகிறார்கள். கடலோரப் பாதுகாப்புக் குழுமம் மீனவர் பிள்ளைகளுக்கு நடத்துகிற பயிற்சியில் சேர்ந்து கடற்படைக்கோ கடலோரக் காவல்படைக்கோ போகவேண்டும் என்று சில பையன்கள் கணக்கையும் இயற்பியலையும் விடாமல் படிக்கிறார்கள். கடலுக்குப் போவது கேவலம் என்று நாங்கள் ஒரு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, ஐயா. விரும்பிப் போகிறவன் போகட்டும். வேறு வழியில்லாமல் ஒருவனும் போகக்கூடாது.

செலவுக்கு, கடல்பாசி எடுக்கிற பெண்கள் தங்கள் குழுவிலிருந்து மாதாமாதம் தருகிறார்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கிச் சம்பாதிக்கிற காசு அது. ஜமாத்தும் கோயில் நிர்வாகமும் சேர்ந்தே உதவுகின்றன. வெளிநாட்டில் வேலை பார்க்கிற எங்கள் பிள்ளைகள் பழைய கம்ப்யூட்டர்கள் வாங்கிக் கொடுத்தார்கள். அரசிடம் இதுவரை ஒரு ரூபாய் கேட்டதில்லை, இப்போதும் கேட்கவில்லை.

3. இவ்வளவு வளர்ந்த பிறகும் நாங்கள் இருப்பது அதே வலைக்கூடத்தில். நாலு பக்கமும் சுவர் கிடையாது. தூணும் மேலே தகரமும்தான். வைகாசி பிறந்தால் கச்சான் காற்று மணலை வாரிக் கண்ணில் அடிக்கும். நோட்டின் தாள் பறக்காமல் இருக்க, வலையில் கட்டுகிற ஈயக் குண்டை ஆளுக்கு இரண்டு எடுத்து ஓரங்களில் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகள் எழுதுகிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து ஒயர் இழுத்து இரண்டு டியூப்லைட் போட்டிருக்கிறோம். அவர்கள் வீட்டில் கிரைண்டர் ஓடினால் இங்கே வெளிச்சம் மங்கும். கம்ப்யூட்டர்களைக் கூடத்தில் வைத்தால் உப்புக் காற்றில் துருப்பிடிக்கும் என்று ஒருவர் வீட்டுப் பரணில் பாலித்தீன் சுற்றி வைத்திருக்கிறோம். வந்ததிலிருந்து பரணில்தான் இருக்கின்றன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது தங்களுக்குத் தெரியும். அந்த இரண்டு மாதமும் விசைப்படகு வலைகளெல்லாம் கூடத்துக்கு வந்துவிடும். வலைக்காரர்களைக் குறை சொல்ல மாட்டோம், கூடம் அவர்களுக்காகக் கட்டியது. ஆனால் மே மாதம் தேர்வு முடிவு வந்து, தவறியவர்கள் துணைத்தேர்வுக்குப் படிக்கவேண்டிய நாட்களும் அவைதான். கைப்பிடித்துத் தூக்கிவிட வேண்டிய நேரத்தில் எங்களுக்கு உட்கார இடமில்லை.

மழைக்காலத்தைக் கேட்கவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் சாரல் உள்ளே அடித்தால் வகுப்பு கிடையாது. 2024 நவம்பர் 20 அன்று இராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்தச் சமயம் கூடத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். நின்ற வகுப்பு திரும்பத் தொடங்கியபோது அரையாண்டுத் தேர்வு வந்துவிட்டது.

4. இதையெல்லாம் விட எங்கள் நெஞ்சை அறுப்பது பெண்பிள்ளைகள் விஷயம்.

கூடத்துக்குக் கழிப்பறை கிடையாது. பள்ளி விட்டு வந்து, வீட்டு வேலையை முடித்து, ஆறு மணிக்கு உட்காருகிற பிள்ளை எட்டரை வரை எங்கே போகும்? உடைமரத்துப் பக்கம் போகச் சொல்ல முடியுமா? மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதவிலக்கு நாட்களில் வருவதே இல்லை. எட்டாம் வகுப்பு வரை ஆணுக்குச் சமமாகப் பெண்ணும் வருகிறது. ஒன்பதாம் வகுப்பில் பாதியாகிறது. பத்தாம் வகுப்பில் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். வீட்டில் அனுப்பமாட்டார்கள் என்று எழுதி முடித்துவிட வேண்டாம். எங்கள் தாய்மார்கள் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். திறந்த வெளியில், அரை இருட்டில், ஒதுங்க இடமில்லாத இடத்துக்கு எந்தத் தாய் அனுப்புவாள்? நாங்களே எங்கள் பிள்ளையை அனுப்ப யோசிப்போம்.

ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். கணக்கில் எங்கள் வாத்தியாரையே நிறுத்திக் கேள்வி கேட்கும். முக்கோணவியல் கணக்கைக் கரும்பலகையில் அது போட்டால் மற்ற பிள்ளைகள் எழுந்து வந்து பார்ப்பார்கள். ஒரு நாள் கூடத்தின் அந்தப் பக்கத்தில் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்த ஆட்கள் ஏதோ சொன்னார்கள். பிள்ளை அழவில்லை, நோட்டை மூடிவைத்துவிட்டு எழுந்து போனது. மறுநாளிலிருந்து வரவில்லை. தாய் வந்து, "அண்ணே, நீங்க நல்லது செய்றீங்க, இல்லேங்கல. ஆனா நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பிள்ளை இப்போது விடியற்காலையில் நண்டு கம்பெனி வேனில் போகிறது.

2022லிருந்து புதுமைப்பெண் திட்டத்தில், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரி போகிற பிள்ளைக்கு மாதம் 1,000 ரூபாய் அரசு தருகிறது. அருமையான திட்டம், எங்கள் ஊரிலும் வாங்குகிறார்கள். ஆனால் அந்த ஆயிரம் ரூபாயைத் தொட ஒரு பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்ட வேண்டுமே. 2024 பத்தாம் வகுப்புத் தேர்வில் நம் மாவட்டம் மாநிலத்திலேயே மூன்றாம் இடம் வந்தது. சந்தோஷப்பட்டோம், இனிப்புக் கொடுத்தோம். தேர்வு எழுதாமலே நின்றுபோன பிள்ளை அந்த விழுக்காட்டில் எங்கே வரும், ஐயா?

5. கூடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் புயல் காப்பகம் நிற்கிறது. மேலே பெரிய ஹால், ஃபேன், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சாய்தளம் எல்லாம் இருக்கிறது. எல்லாவற்றையும் பூட்டி வைத்திருக்கிறார்கள். புயல் எச்சரிக்கை நாட்கள் போக வருடம் முழுக்கப் பூட்டுத்தான். ஆள் புழங்காத வீடு பாழ் என்பார்கள். ஜன்னல் கம்பி துருவேறி உதிர்கிறது, குழாய்கள் காணாமல் போய்விட்டன. கீழ்த்தளத்தில் ராத்திரி பாட்டில் உருள்கிறது. காலையில் உடைந்த கண்ணாடியைப் பொறுக்குவது எங்கள் பிள்ளைகள்தான். குடிக்கிறவனுக்கு அனுமதி தேவைப்படவில்லை, படிக்கிற பிள்ளைக்கு மட்டும் தேவைப்படுகிறது.

6. நாங்கள் கேட்காமல் இல்லை. திங்கட்கிழமை மனுநாளில் வரிசையில் நின்று கொடுத்தோம், ரசீது வாங்கினோம். "உரிய நடவடிக்கைக்காகச் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டது" என்று கடிதம் வந்தது. அந்த அலுவலகத்துக்குப் போனால் சாவி எங்களிடம் இல்லை, இன்னோர் அலுவலகத்தில் கேளுங்கள் என்றார்கள். அங்கே போனால் கட்டடம் எங்கள் பொறுப்பில் இல்லை என்றார்கள். அப்புறம் செல்போனில் ஒரு குறுஞ்செய்தி: தங்கள் மனு மீது நடவடிக்கை எடுக்கப்பட்டு முடிக்கப்பட்டது. எதை முடித்தார்கள்? பூட்டு அப்படியே தொங்குகிறது! ஒரு சாவி யார் கையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஓர் ஊரே இத்தனை அலைய வேண்டுமா? முடியாது என்றால் முடியாது என்று எழுதித் தாருங்கள், காரணத்தையும் எழுதித் தாருங்கள். பதிலே இல்லாமல் வைத்திருப்பது என்ன நியாயம்? பிள்ளைகளின் வயது காத்திருக்காது. முதல் மனு கொடுத்தபோது பத்தாம் வகுப்புப் படித்தவர்கள் இப்போது பள்ளிப் பருவத்தையே தாண்டிவிட்டார்கள்.

7. கோபத்தில் எழுதவில்லை ஐயா, ஆற்றாமையில் எழுதுகிறோம். 2018இல் பின்தங்கிய மாவட்டங்களை முன்னேற்ற மத்திய அரசு தமிழ்நாட்டில் ‘முன்னேற விழையும் மாவட்டங்களாக’ எடுத்த இரண்டில் இராமநாதபுரம் ஒன்று. அதில் கல்வியும் ஓர் அளவுகோல். அதற்கான வேலையைத்தான் ஊரில் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருக்கிறோம்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். தினமும் மாலை ஐந்தரை முதல் எட்டரை வரை காப்பகத்தின் ஹாலையும் கழிப்பறையையும் பயன்படுத்த எழுத்துமூலம் அனுமதி வேண்டும். மின்கட்டணத்தை நாங்கள் கட்டுகிறோம். உடைந்த குழாய்களையும் கதவுகளையும் எங்கள் செலவில் சரிசெய்கிறோம். கூட்டிப் பெருக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்கிறோம். கட்டடத்தின் மேல் எந்த உரிமையும் கொண்டாட மாட்டோம் என்று பத்திரத்தில் எழுதித் தருகிறோம். புயல் எச்சரிக்கை வந்த அந்த மணியிலேயே காலி செய்துவிடுவோம். காலி செய்வது மட்டுமல்ல, கஜா புயல் சமயத்தில் ஊர்க் கிழவிகளைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தவர்களும் புரெவி சமயத்தில் கஞ்சி காய்ச்சியவர்களும் இன்று எங்களோடு நிற்கிற இதே இளைஞர்கள்தான். சாவி ஊருக்குள் இருந்தால் அந்த நாட்களிலும் யாரையும் தேடி ஓட வேண்டியிருக்காது.

அனுமதி கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்றால் யாராவது ஓர் அதிகாரியை அனுப்புங்கள். பகலில் வேண்டாம், சாயங்காலம் ஏழு மணிக்கு அனுப்புங்கள். முதலில் வலைக்கூடத்தைப் பார்க்கட்டும், பிறகு காப்பகத்தைப் பார்க்கட்டும்.

இந்த வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள், பூட்டிக் கிடக்கும் அந்தக் கட்டடத்தைத் திறந்துவிட உத்தரவிடும்படி தங்களைப் பணிவோடு வேண்டுகிறோம். பெண்பிள்ளைகளுக்காக மீண்டும் ஒருமுறை வேண்டுகிறோம் ஐயா. ஹாலைத் தர நாளாகும் என்றால், கழிப்பறைச் சாவியையாவது முதலில் கொடுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள், பாசி எடுக்கும் பெண்கள் குழுவினர், பெற்றோர்கள்

இணைப்பு: கிராமசபைத் தீர்மான நகல், முந்தைய மனு ரசீதுகள், பெற்றோர் கையொப்பங்கள்.