வாடகை சைக்கிள் கடைப் பெயர்ப்பலகைகள்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் இயங்கிய வாடகை சைக்கிள் கடைகளின், தூரிகையால் எழுதப்பட்ட பெயர்ப்பலகைகளைத் தேடிச் சேர்க்கும் பணி இவ்வாண்டும் தொடர்ந்தது. ஆசிரமத்துக்கு வருவோரும், 1968இல் ஆரோவில் தொடங்கிய பின் வந்த வெளிநாட்டினரும், உள்ளூர் மாணவர்களும் மணிக்கணக்கில் வண்டி எடுத்த கடைகள் பல இன்று ஸ்கூட்டர் வாடகைக்கு மாறிவிட்டன; மாறும்போது முதலில் இறக்கப்படுவது பழைய தகரப் பலகைதான்.

சைக்கிள் நிறுவனங்கள் விற்பனையாளர்களுக்கு அச்சிட்டு வழங்கிய பலகைகளை நாம் ஏற்பதில்லை. அட்லஸ் நிறுவனத்தின் உலகைச் சுமக்கும் மனிதனைக் கண்ணால் பார்த்தே வரைந்த பலகையில், உருண்டை சற்றுக் கோணலாக இருந்தாலும், எழுதியவரின் கை தெரிகிறது. அந்தக் கைதான் நமக்கு வேண்டும்.

காலத்தைக் கணிப்பது இவ்வாண்டு அதிகம் விவாதிக்கப்பட்டது. ‘முருகன் துணை’, ‘வாடகை நிலையம்’ ஆகியவற்றில் வரும் ணை, லை எழுத்துகள் ஐகாரக் குறி தனியே நிற்காமல் எழுத்தோடு சேர்ந்து, தும்பிக்கை தூக்கியது போன்ற பழைய வடிவில் இருந்தால், தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற 1978க்கு முந்தைய பலகை என்று உறுப்பினர் சிலர் குறித்துவந்தனர். இது போதிய சான்றன்று. அரசாணை வந்த மறுநாளே தூரிகை பிடித்தவரின் பழக்கம் மாறிவிடாது. மறுபுறம், பெரியார் இப்புதிய வடிவங்களை 1935 முதலே தம் இதழில் பயன்படுத்தியதால், சீர்திருத்தத்தை விரும்பியவர் முன்கூட்டியே எழுதியிருக்கவும் கூடும். எனவே எழுத்து வடிவத்தோடு தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கங்கள் என்பது, அடியில் மறைந்திருக்கும் முந்தைய வண்ணப் பூச்சு, கடைக்காரர் குடும்பத்தின் நினைவு ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தே காலம் குறிக்க வேண்டும் என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

பாதுகாப்பில் நமக்கு முதல் எதிரி உப்புக்காற்று. துருத்தடுப்பு அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு பூசி அதன் மேல் எனாமல் தீட்டிய முகப்பு தாங்கி நிற்கும். வண்ணம் பூசாத பின்புறமும் ஆணித்துளைகளுமே முதலில் துருவேறி, அங்கிருந்து துரு உள்ளே பரவி எழுத்தை உரிக்கிறது. ஆகவே காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த மென்துணியால் உப்பை ஒற்றி எடுத்து, நன்கு உலர்த்திய பிறகே பலகையைக் கிடங்கில் வைக்க வேண்டும். உப்புத்தாள் போடுவதும், மங்கிய எழுத்தின் மேல் புதிதாகத் தீட்டுவதும் கூடாது. பளபளப்பாக்கித் தருவதாகச் சொல்பவர்களிடம் உறுப்பினர்கள் பலகையை ஒப்படைக்க வேண்டாம் எனப் பணிவோடு வேண்டுகிறேன்.

என் மனத்தில் முதன்மையாக நிற்பது வேறொன்று. பலகைகள் சேர்கின்றன, அவற்றை எழுதியவர்களைப் பற்றிய செய்தி சேரவில்லை. மூலையில் ‘ஆர்ட்ஸ்’ என்று முடியும் சிறு கையொப்பம் மட்டும் இருக்கும். அவர் யார், யாரிடம் தொழில் கற்றார், நிழல் விழுவது போல் தீட்டும் நிழலெழுத்துக்கு எந்த வண்ணத்தை முதலில் தீட்டினார் என்பதற்கு நம் பதிவேட்டில் இடமே ஒதுக்கப்படவில்லை. ஃபிளெக்ஸ் அச்சு வந்தபின் வேலை இழந்த அந்த ஓவியர்களில் பலர் இப்போது முதுமையில் இருக்கிறார்கள். பலகையை அடுத்த ஆண்டும் வாங்கலாம், அவர்களிடம் கேட்க வேண்டியதை இப்போதே கேட்டாக வேண்டும்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிக்கிறார்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரு தீர்மானங்களை முன்வைக்கிறேன். முதலாவது, இன்னும் நடந்துவரும் கடையில் மாட்டியிருக்கும் பலகையை எவ்வளவு விலை கொடுத்தும் நாம் இறக்கக் கூடாது. புகைப்படமும் அளவும் எடுத்துப் பதிந்து, கடை மூடப்படும் நாளில் நமக்குத் தருமாறு உரிமையாளரிடம் சொல்லி வைப்பதே முறை. இரண்டாவது, இவ்வாண்டுக் கொள்முதல் நிதியில் ஒரு பகுதியை ஓவியர்களின் நேர்காணல்களைப் பதிவு செய்வதற்கு மாற்ற வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் கிடங்கின் கடல் பார்த்த சன்னல்களை அடைக்கும் வேலையும் இருப்பதால், இரு தீர்மானங்களையும் இன்றைய கூட்டத்திலேயே வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்