பக்கம் மாறினால் விண்ணப்பம் காணாமல் போகலாமா?

சொட்டுநீர்ப் பாசன மானிய விண்ணப்பப் பட்டியலை இணையத்தில் நடத்தும் அலுவலர்களுக்கும், அதற்கு நிரல் எழுதிய குழுவினருக்கும்,

வணக்கம். தேன்கனிக்கோட்டையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறேன். உங்கள் பட்டியலில் பக்கம் மாறும்போது வரும் கோளாறைப் பற்றி ஏற்கெனவே புகார் பதிந்திருக்கிறேன். ‘பெறப்பட்டது’ என்ற பதிலோடு அது நின்றுபோனது. போன வாரம் நடந்ததைப் பார்த்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அஞ்செட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். தக்காளி போட்டிருப்பவர். முகாமில் கொடுத்த விண்ணப்பம் என்ன ஆனது என்று பார்க்க வேண்டும். ரசீது மழையில் நனைந்து எண் அழிந்திருந்தது. பெயரைக் கொடுத்துத் தேட உங்கள் தளத்தில் இடமில்லை. சரி, தாலுகாவைத் தேர்ந்தெடுத்துத் தேதிவாரியாகப் பார்ப்போம் என்று தொடங்கினோம். இரண்டாம் பக்கம் போனதுமே தாலுகா கழன்றுகொண்டது, மாவட்டம் முழுவதும் வந்து நின்றது. அதையும் கடைசிப் பக்கம் வரை பார்த்தோம். அவர் பெயர் இல்லை. “அப்போ என் மனுவைத் தூக்கிப் போட்டுட்டாங்களா தம்பி?” என்றார். என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அறுப்பை நிறுத்திவிட்டு அலுவலகம் போயிருக்கிறார். விண்ணப்பம் அங்கே பத்திரமாக இருந்தது. ஒரு சான்று மட்டும் குறைவு. அதைக் கொடுப்பதற்கான கெடு, நாங்கள் பட்டியல் பார்த்த அன்று மாலையோடு முடிந்திருந்தது.

அப்புறம் பக்கங்களை எல்லாம் சேமித்து எண்களை ஒப்பிட்டேன். மூன்றாம் பக்கத்தின் கடைசியில் இருக்கும் ஒரு விண்ணப்பம் நான்காம் பக்கத்திலும் வருகிறது. ஒரு விண்ணப்பம் இரு முறை வந்தால் இன்னொன்று எங்குமே வராது. அந்த இன்னொன்றுதான் பெரியவருடையது.

காரணம் உங்கள் குழு அறியாததல்ல. ஒரே முகாமில் வாங்கிய விண்ணப்பங்களுக்கு ஒரே தேதி. எதை வைத்து வரிசைப்படுத்துவது என்று சொல்லும் ‘ஆர்டர் பை’ கட்டளையில் தேதியை மட்டும் கொடுத்தால், ஒரே தேதி உள்ளவற்றில் எது முன், எது பின் என்பதற்கு, விண்ணப்பங்களைச் சேமித்து வைத்திருக்கும் தரவுத்தளம் உறுதி தருவதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் தரவுத்தளத்திடம் தனியாக ஒரு கேள்வி போகிறது. இத்தனை வேண்டும் (லிமிட்), இத்தனையைத் தாண்டி வேண்டும் (ஆஃப்செட்) என்று அடுத்த பக்கத்துக்கான இருபதைக் கேட்கும்போது, முன்பு இருந்த வரிசையே திரும்ப வரும் என்று நம்ப முடியாது. போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் என்ற இரண்டு தரவுத்தள மென்பொருள்களின் கையேடுகளும் இதை எச்சரிக்கின்றன. தேதிக்கு அடுத்து விண்ணப்ப எண்ணையும் வரிசையில் சேருங்கள். ஓர் எண் ஒருவருக்குத்தான் என்பதால் குழப்பத்துக்கு இடமே இருக்காது. ஒரு காற்புள்ளி, ஒரு நெடுவரிசைப் பெயர். இதற்காகவா ஒரு விவசாயி கெடுவைத் தவற விட்டார்?

தாலுகா கழன்றுபோவதும் அப்படித்தான். தேர்ந்தெடுத்த தாலுகாவைப் பக்க இணைப்பின் முகவரியிலேயே சேர்த்து அனுப்பினால் தீர்ந்தது. ‘பெயர்’ என்ற தலைப்பைத் தட்டினால் கண்முன் இருக்கும் இருபது பேர் மட்டும் மாறி உட்காருகிறார்கள், மொத்தப் பட்டியலும் வரிசைக்கு வருவதில்லை. அதிலும் அம்மாசிக்கு முன்னால் அமராவதி வருகிறார். கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் உள்ள யூனிகோடு எண்களை அப்படியே ஒப்பிட்டால் மெய்யெழுத்தின் புள்ளி மற்ற எழுத்துகளுக்குப் பின்னால் போய்விடும், தமிழ் அகரவரிசைக்கான ஒப்பீட்டு விதியைத் தரவுத்தளத்தில் அமைக்க வேண்டும். சர்வே எண்ணை எழுத்தாக வைத்திருப்பதால் 112-க்குப் பிறகு 9 வருகிறது.

2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்குப் பிறகும் அஞ்செட்டி மலைக்காரர்களுக்கு மாவட்டத் தலைநகர் எட்டத்தில்தான் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைக்கத்தானே இணையம்? நேரில் போனால் ஆன்லைனில் பார்க்கச் சொல்கிறீர்கள். ஆன்லைனில் இல்லையென்றால் நேரில் வரச் சொல்கிறீர்கள். இரண்டு பக்கமும் பஸ் செலவு விவசாயியுடையது, போன கூலியும் அவருடையது.

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: தேதிக்கு அடுத்து விண்ணப்ப எண்ணைச் சேருங்கள், பக்கம் மாறினாலும் தாலுகா மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியலில் பெயர் வராததால் கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு இன்னொரு தவணை கொடுங்கள். சேமித்து வைத்த பக்கங்கள் என்னிடம் இருக்கின்றன. கேட்டால் உடனே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
பிரவுசிங் சென்டர் நடத்துபவன்,
தேன்கனிக்கோட்டை